ஈறில் ரத்தம் வருவது ஏன்?

கேள்வி: மாம்பழம் சப்பினால் கொட்டையில் ரத்தம் ஒட்டுகிறது. பல்லில் காவிக்கறையும் இருக்கிறது. இரண்டும் தண்ணீர்க் கோளாறா டாக்டர்?
- வாசகி, காரிமங்கலம்

பதில்: இல்லைம்மா. நம் தர்மபுரிப் பக்கத்துக் காவிக்கறை, தண்ணீரில் மிகுந்த ஃபுளோரைடால் பல் உருவாகும் வயதிலேயே வருவது. ரத்தம் வேறு கதை.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சின்ன இடுக்கு உண்டு. நல்ல ஈறில் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அங்கே கிருமிப் படலம் சேர்ந்ததும் ரத்தக்குழாய்கள் விரிகின்றன; அதனால் லேசாக உரசினாலே ரத்தம் கசியும். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரில் நெளிந்து நுழைந்து வெளியேறி, கிருமிகளை விழுங்குகின்றன. சில, தம் டிஎன்ஏவையே வலைபோல் வீசிக் கிருமிகளைப் பிடிக்கும். ஈறை அழுத்தினால் வரும் சீழில் பெரும்பகுதி இவற்றின் பிணங்கள்தான்.

சிக்கல் என்னவென்றால், படலம் பிசின்போல ஒட்டியிருக்கும். முழுதாக விழுங்க முடியாது. அப்போது அணுக்கள் கிருமிகளைக் கொல்லும் நொதிகளை வெளியே கொட்டிவிடுகின்றன. அது ஈறின் நாரையே அரிக்கும். நாளாக நாளாக எலும்பும் கரையும். தளிப் பக்கம் யானையை விரட்டப் போனவர்களே ராகிக் கொல்லையை மிதித்த மாதிரி!

உப்பு வைத்துத் தேய்த்தால் போகாது. படலம் கல்லாக இறுகிய காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். 'சுத்தம் செய்தால் பல் ஆடும்' என்று என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்பவர்கள் உண்டு. ஆட வைத்தது காரைதான், சுத்தம் அல்ல. அப்புறம், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் பீடி பிடிப்பவருக்கு ரத்தம் வரவில்லையென்றால் அதை நம்பாதீர்கள். புகை ரத்தக்கசிவை மறைத்துவிடும். அவரையும் கூட்டி வாருங்கள்.