ஒரு குற்றத்தை நேரில் பார்த்தவர் சாட்சி சொன்னால், அவர் பெயரைக் காவல்துறை ரகசியமாக வைத்திருக்குமா?

அடையாளத்தை மறைக்கச் சொல்லி உத்தரவு வாங்கியிருந்தால் வைத்திருக்க வேண்டும். ஆனால் வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள்.

எதையோ பார்த்திருக்கிறீர்கள், ஸ்டேஷனில் கூப்பிடுகிறார்கள், வீட்டில் "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்கிறார்கள். அப்படித்தானே? அந்த இடத்தில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

தென் மாவட்டம் ஒன்றில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் ஒரு பையனை வெட்டினார்கள். நானும் பார்த்தேன், என் கேமராவிலும் பதிந்தது. பதிவையும் வாக்குமூலத்தையும் கொடுத்தேன். "பேர் வெளிய வராதுல்ல சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அதிகாரி.

பொழுது விடிவதற்குள் என் பெயர், கடைப் பெயர், செல் நம்பர் எல்லாம் இருந்த மகஜரின் (பதிவை வாங்கியதற்குப் போலீஸ் எழுதும் காகிதம்) போட்டோ ஊர் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஓடியது. குற்றப்பத்திரிகை போட்ட பிறகுதான் எதிர்த்தரப்புக்கு நகல் போகும். அப்போது அந்தக் காகிதம் ஸ்டேஷனில் மட்டும்தான் இருந்தது.

யாரும் அரிவாளோடு வரவில்லை. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "அண்ணாச்சி, பாப்பா எந்த ஸ்கூல் வேன்ல போகுது?" அவ்வளவுதான் கேட்டார்கள். மகளை மாமியார் ஊருக்கு அனுப்பி அங்கேயே பள்ளியில் சேர்த்தோம். கடைக்காரர்கள் என்னோடு நின்று பேசுவதை விட்டார்கள். எதிரே பூக்கட்டும் அக்கா எல்லாவற்றையும் பார்த்தவர். கோர்ட்டில் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிப் பிறழ் சாட்சி ஆனார். அவரை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். என் பெயர் ஊர் முழுக்கச் சுற்றியதைப் பார்த்த பிறகு அவர் எந்த நம்பிக்கையில் கூண்டேறுவார்? நான் பார்த்ததைச் சொன்னேன். ஆனால் வீடியோவுக்கு உரிய சான்றிதழை இணைக்காமல் விட்டதால் அது செல்லவில்லை. எல்லோரும் விடுதலை.

கேமரா பதிவுக்காக எடுத்துப்போன டிவிஆர் பெட்டியும் இன்னும் வரவில்லை. ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டில் என்கிறார்கள், கோர்ட்டில் கேட்டால் ஸ்டேஷனில் என்கிறார்கள். புதிதாக ஒன்று சொந்தக் காசில் வாங்கினேன். கடை கடையாக வந்து கேமரா வையுங்கள் என்று சொல்பவர்களும் இவர்கள்தான்!

காவல்துறையை மொத்தமாகத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் மைத்துனரே அந்த வேலையில்தான் இருக்கிறார். கட்சிக்காரர்களும் வேண்டாம். 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. 2024 டிசம்பரில் பாலியல் புகார் கொடுத்த அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்ஐஆரே இணையத்தில் வெளியானது. அது ஒரு ஆட்சி, இது ஒரு ஆட்சி. இரண்டுக்கும் உயர் நீதிமன்றம் தலா 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் கொடுக்கலாம், வெளியே போன பெயரை எப்படித் திரும்ப எடுப்பார்கள்?

அதே பொள்ளாச்சி வழக்கில் பிறகு மூடிய அறையில் விசாரணை நடந்தது. சாட்சிகள் யாரும் பிறழவில்லை என்றார் அரசு வழக்கறிஞர். 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆக, பாதுகாத்தால் சாட்சி நிற்கிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2018-இல் உச்ச நீதிமன்றம் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வழக்குப் போட்ட சாவ்லாவே சாமியார் ஆசாராம் மீதான பாலியல் வழக்கில் சாட்சியாக இருந்து துப்பாக்கிச் சூட்டில் தப்பியவர். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு போட வேண்டும். உங்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று காவல்துறையிடம் அறிக்கை கேட்பார்கள். அதற்கு ஐந்து வேலைநாள் கெடு. அடையாளத்தை மறைக்கவும் கேட்கலாம், ஆனால் போலீஸ் விசாரணையோ கோர்ட் விசாரணையோ நடக்கும்போதே கேட்க வேண்டும். என்னிடம் இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. வாக்குமூலம் கொடுக்கும் முன்பே மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள், தகுதி இருந்தால் இலவசமாகவே ஆள் போட்டுத் தருவார்கள்.