வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தலாமா?

கேள்வி: தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையில் 7 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பிடித்தம் போகச் சம்பளம் 19,000 ரூபாய். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். மகளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. மகன் யூகேஜி. ஃபீஸ் 62,000, 48,000, வேனுக்கு 30,000. வருடம் 1,40,000 ஆகிறது. போதாததற்கு, யூனிஃபார்மைக் கண்டாலே மகளுக்கு வயிறு வலிக்கிறது. வேலையை விட்டுவிட்டு இரண்டு பேரையும் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தால் புத்தகம், ஆன்லைன் வகுப்புக்கு 30,000 போதும். வருடம் 1,10,000 மிச்சமாகும். செய்யலாமா?

பதில்: உங்கள் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, உங்கள் சம்பளம். வருடத்துக்கு 2,28,000. அதோடு முதலாளி உங்கள் பி.எஃப். கணக்கில் போடும் பங்கு மாதம் 1,800 என்று வைத்தால் இன்னும் 21,600. ஆக 2,49,600 போய், 1,10,000 மிச்சம். கையை விட்டுப் போவது சுமார் 1,40,000. இப்போது கட்டும் ஃபீஸ் அளவுக்கே வருகிறது, பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பி.எஃப். பாஸ்புக்கில் ஓய்வூதியத்துக்கு என்று ஒரு தனிப் பத்தி இருக்கும். எடுத்துப் பாருங்கள். அதில் மாத ஓய்வூதியத் தகுதிக்கு 10 வருட சேவை வேண்டும். உங்களுக்கு 7 ஆகிவிட்டது. இன்னும் 3 வருடம்தான். இந்த நேரத்தில் விடுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

வீட்டுக்கல்வியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, ஆனால் சேர்க்காவிட்டால் தண்டனை என்று எதுவும் வைக்கவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஒருமுறை பதிந்தால் 5 வருடம் செல்லும். திருவட்டாறு பக்கம் என்னிடம் ஆலோசனை கேட்கும் ஒரு குடும்பம் இதை அழகாகச் செய்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியரான தாத்தா வீட்டோடு இருக்கிறார். ரப்பர் தோட்டத்துத் தேன்கூட்டில் எத்தனை அடை, ஒரு அடையில் எத்தனை கிராம் என்று பேரனுக்குப் பெருக்கல் சொல்லித் தருவார். அங்கே யாரும் வேலையை விடவில்லை. அதுதான் வித்தியாசம். உங்கள் வீட்டில் பாடம் சொல்ல நீங்கள் ஒருவர்தான்.

தனியார் பள்ளி, வீடு, இரண்டில் ஒன்று என்றே யோசித்திருக்கிறீர்கள். வீட்டுக்கு அருகே நடந்து போகும் தூரத்தில் அரசுப் பள்ளி இருக்குமே? ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாயும் வரும். வீட்டில் படித்தால் இவை எதுவும் கிடையாது. நம் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் தனியார் பள்ளிகள் நிறைய. அவற்றுக்கு அந்த 7.5 கிடையாது, அதனால் பள்ளிப் பெயர்ப்பலகையைக் கவனமாகப் படியுங்கள். மகள் ஆறாம் வகுப்புக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. வரும் ஜூனிலேயே ஐந்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டால் இடமும் பழகிவிடும்.

ஆனால் முதலில் அந்த வயிற்று வலி. அதைப் பணக்கணக்கோடு சேர்க்காதீர்கள். ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம் இரவு படுக்கும்போது மெதுவாகக் கேளுங்கள்: வேனில் யாராவது வம்பு செய்கிறார்களா, டீச்சருக்குப் பயமா, டாய்லெட் போக விடுவதில்லையா? காரணம் தெரியாமல் பள்ளியை மாற்றினால் அந்த வலி புதுப் பள்ளிக்கும் கூடவே வரும்.

மகளை மட்டும் மாற்றினாலே ஃபீஸ் 62,000, வேனில் பாதி 15,000 சேர்த்து வருடம் 77,000 மிச்சம். மகனை இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே விடுங்கள், அவனுக்குக் குறை எதுவும் நீங்கள் எழுதவில்லை. மிச்சமாவதில் மாதம் 5,000 ரூபாயை மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். 10 வயது நிறைவதற்குள் கணக்கைத் தொடங்கியாக வேண்டும், அதற்குப் பிறகு முடியாது. பிறப்புச் சான்றிதழும் உங்கள் ஆதார், பான் கார்டும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தபால் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.