பழைய கீயைக் கடைசியில் அழியுங்கள்

கேள்வி: கிளை அலுவலகத்தில் ஒரு சிஸ்கோ 2960 நெட்வொர்க் சுவிட்ச். புது லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) போட்டால் 'இன்வாலிட் கீ லெங்த்' (கீயின் நீளம் செல்லாது) என்று துண்டிக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் புட்டி (PuTTY) என்ற எஸ்எஸ்எச் மென்பொருளில் மட்டும் நுழைய முடிகிறது. சுவிட்சின் ஆர்எஸ்ஏ கீயை (குறியாக்கச் சாவியை) அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாமா? சுவிட்ச் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

பதில்: உருவாக்கலாம், ஆனால் அழிப்பதில் ஆரம்பிக்காதீர்கள். 'கிரிப்டோ கீ ஜீரோயைஸ் ஆர்எஸ்ஏ' கொடுத்து 'எஸ்' சொன்னதும் சுவிட்ச் எஸ்எஸ்எச் சேவையையே நிறுத்திவிடும். திறந்திருக்கும் விண்டோவும் போய்விட்டால், கன்சோல் கேபிளோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

உங்கள் சுவிட்சில் இருப்பது 1024 பிட்டுக்கும் குறைவான கீ. அன்று அமைத்தவர் 768 என்று அடித்திருப்பார்; எஸ்எஸ்எச் வெர்ஷன் 2 வேலை செய்ய அதுவே போதும். ஆனால் 768 பிட் ஆர்எஸ்ஏ எண் ஒன்றை ஆய்வாளர்கள் 2009-லேயே காரணிகளாகப் பிரித்துவிட்டார்கள், அதாவது உடைத்துவிட்டார்கள். லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச், 2017-ல் வந்த 7.6 முதல் 1024-க்குக் குறைந்த கீயை ஏற்பதில்லை. லேப்டாப் செய்தது சரிதான்.

இப்போது வேலைக்கு வருவோம். அலுவலகம் முடிந்த நேரமாகப் பாருங்கள். புட்டியில் நுழைந்து, முதலில் கான்ஃபிகை (சுவிட்சின் அமைப்புகளை) சேமியுங்கள். அப்புறம் 'ரீலோட் இன் 20' கொடுங்கள். ஏதாவது தப்பினால் 20 நிமிடத்தில் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி, சேமித்த பழைய நிலைக்குத் திரும்பும். இந்த ஒரு வரி பல பயணங்களை மிச்சப்படுத்தும்.

அடுத்து, 2048 பிட்டில், 'லேபிள்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு தனிப் பெயர் கொடுத்து புது கீயை உருவாக்குங்கள். பெயர் கொடுக்காவிட்டால் பழையதன் மேலேயே எழுதிவிடும். பழைய சுவிட்சின் பிராசசர் மெதுவானது. திரை சற்று நேரம் அப்படியே நிற்கும், பதறாதீர்கள். பிறகு 'ஐபி எஸ்எஸ்எச் ஆர்எஸ்ஏ கீபேர்-நேம்' கட்டளையில் அந்தப் பெயரைக் கொடுங்கள். புட்டி விண்டோவை மூடாமல், லேப்டாப்பிலிருந்து புதிதாக நுழைந்து பாருங்கள்.

அந்த லேப்டாப்பில் பழைய கீ பதிவாகியிருந்தால், ஹோஸ்ட் கீ (சுவிட்சை அடையாளம் காட்டும் கீ) மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வரும். இப்போது மாற்றியது நீங்கள்தான் என்பதால் பழைய பதிவை நீக்கிவிட்டுத் தொடரலாம். சக ஊழியர்களுக்குப் புது கீயின் ஃபிங்கர்பிரிண்டை (அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீட்டை) போனில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'எஸ்' அடிக்கப் பழகக் கூடாது.

'எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ' மட்டும்தான் இருக்கிறது என்று வேறொரு பிழை வந்தால், அது கீயின் நீளத்தைப் பற்றியது அல்ல. அது பயன்படுத்தும் ஷா-1 என்ற பழைய டிஜிட்டல் கையெழுத்து முறையை ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, 2021-ல் இயல்பாக நிறுத்திவிட்டது. லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கான்ஃபிகில் அந்த ஒரு சுவிட்சின் ஐபிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம்.

நுழைந்துவிட்டீர்களா? 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டுச் சேமியுங்கள். ஓரிரு நாள் பார்த்துவிட்டுப் பழைய கீயை அதன் பெயரைச் சொல்லி அழியுங்கள். பெயரில்லாமல் ஜீரோயைஸ் கொடுத்தால் புதியதும் சேர்ந்து போய்விடும்.