கறுத்த வெள்ளியைத் தேய்க்காதீர்கள், அப்பச்சோடா இருக்கிறது

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மம்மாவின் வெள்ளிப் பன்னீர்ச் செம்பும் என் கொலுசும் நன்றாகக் கறுத்துவிட்டன. அடுத்த மாதம் தங்கச்சிக்குக் கலியாணம். பற்பசை போட்டுத் தேய்க்கலாம் என்று ஒருவர் சொன்னார், அம்மா பழப்புளி போடச் சொல்கிறா. எது சரி?"

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, அதற்குள்ளும் வெள்ளிதான் இருக்கிறது. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியின் மேற்பரப்போடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிவிடுகிறது; கடனீரேரிச் சேற்றின் நாற்றத்திலும் அவித்த முட்டையின் மணத்திலும் இருப்பது இதே கந்தகம்தான். அதனால் தேய்த்துக் கறுப்பை எடுக்கும்போதெல்லாம் அம்மம்மாவின் வெள்ளியிலும் கொஞ்சம் போகிறது. பற்பசையில் உள்ள உராய்வுத் துகள் மென்மையான வெள்ளியில் கீறல் போடும். பழப்புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு அருமையான சாமான், ஆனால் வெள்ளியின் கறுப்பைக் கரைக்கும் பலம் அதற்கு இல்லை.

கொலுசுக்கு இப்படிச் செய்யுங்கள். முதலில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப்பசையைப் போக்குங்கள், பசை இருந்தால் பிறகு செய்வது பிடிக்காது. ஒரு பிளாஸ்டிக் பேசினின் அடியில் சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன் மேல் வைத்து, கொதித்து இறக்கிய தண்ணீர் ஒரு லீட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து ஊற்றுங்கள். வெள்ளி தாளில் முட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தின் பக்கம் போய்விடும், வெள்ளி அதன் இடத்திலேயே மிஞ்சும். கூழ்முட்டை மணம் வரும், பயப்பட வேண்டாம், யன்னலைத் திறந்து விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். கறுப்பு மிஞ்சினால் புதுத் தாளும் புதுத் தண்ணீரும் வைத்து இன்னொரு தடவை. கல்லோ மீனாக்காரி என்ற எனாமல் நிறமோ முத்தோ பதித்த நகையை மட்டும் இதில் போடவே கூடாது, சூட்டில் பசையும் அரக்கும் விட்டுவிடும்.

பன்னீர்ச் செம்பு வேறு கதை. பழைய செம்பில் கொடியும் பூவும் வெட்டியிருப்பார்கள், அந்தக் குழிக்குள் நிற்கும் கறுப்புத்தான் வேலைப்பாட்டையே எடுத்துக் காட்டுகிறது. முழுவதும் முக்கி எடுத்தால் குழியும் மேடும் ஒரே வெள்ளையாகி, அம்மம்மா கையில் பார்த்த செம்பு மாதிரியே இருக்காது. அதனால் விரலில் நறநறக்காத திருநீறாகப் பார்த்து மெல்லிய துணியில் சலித்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய பருத்தித் துணியால் மேடான இடங்களை மட்டும் மெல்லத் தடவுங்கள். இதுவும் கொஞ்சம் தேய்ப்புத்தான், கலியாணம் போன்ற நாளுக்கு மட்டும் செய்தால் போதும். எங்காவது மஞ்சள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், அது பித்தளைக்கு மேல் போட்ட முலாமாக இருக்கலாம். அப்படியானால் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வெள்ளி வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுவதுதான் நல்லது.

கழுவியதும் உடனே துடைத்துவிடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது, தானாகக் காய விட்டால் வெள்ளைப் புள்ளி விழும். செம்பின் கழுத்துக்குள் ஈரம் நிற்கும், ஒரு இரவு கவிழ்த்து வையுங்கள். அப்புறம் பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் போகாத பையில், கூடவே ஒரு வெண்கட்டித் துண்டும் போட்டு வையுங்கள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கொலுசை றப்பர் பட்டி போட்டுக் கட்டி வைக்காதீர்கள், றப்பரிலும் கந்தகம் இருக்கிறது.