இங்கேயும் லெட்ஜர்தானா?

கேள்வி: எனக்கு வயது 61. 34 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பழைய டிராம்களைப் பழுதுபார்த்து ஓட்டிக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றில் நான்கு மாதமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு எந்திரங்கள் மேல் ஆசை. வாழ்க்கை என்னவோ காகிதத்தோடு போய்விட்டது. பட்டறையில் வேலை செய்யலாம், ஒருநாள் டிராம் ஓட்டவும் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் சேர்ந்தேன். ஆனால் விண்ணப்பத்தில் ‘கணக்காளர்’ என்று பார்த்ததுமே அலுவலக அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். டிக்கெட் வசூல், ரசீது, நன்கொடைப் பதிவேடு. பட்டறைப் பக்கம் போனால், “உங்களுக்கு எதுக்கும்மா இந்த கிரீஸெல்லாம்” என்கிறார்கள். மரியாதையாகச் சொல்வதால் கோபப்படவும் முடியவில்லை. சிரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். “சம்பளம் வாங்கிப் பார்த்த வேலையையே இப்போ சும்மா பார்க்கிறியாம்மா?” என்று மகன் கேலி செய்கிறான். விட்டுவிடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் கேலியாகக் கேட்டாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். சம்பளமில்லாமல் உழைப்பதில் ஒரே ஒரு சலுகைதான் உண்டு: எந்த வேலை என்று நாம் தேர்ந்துகொள்ளலாம். அதையும் நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டு, கூடவே சிரித்தும் வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். பட்டறையில் வேலை வேண்டும் என்று அங்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. எட்டிப் பார்த்திருக்கிறீர்கள், ஓரமாக நின்றிருக்கிறீர்கள், அவர்களாகப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்திருக்கிறீர்கள். புரிந்துகொள்ள மாட்டார்கள். காரணம் எளிது. இப்படிப்பட்ட இடங்களுக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கண் ஓட்டுநர் மேடை மேல்தான். ரசீதுப் புத்தகத்தை விரும்பி எடுப்பவர் யாருமில்லை. அந்த நேரத்தில் 34 வருட அனுபவத்தோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால் விடுவார்களா? நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் “உங்களுக்கு எதுக்கும்மா” என்பதை மட்டும் மரியாதைக் கணக்கில் எழுதாதீர்கள். டிராம் அருங்காட்சியகங்களின் பிறப்பையே மறந்துவிட்ட பேச்சு அது. 1939-ல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து, கழித்துக்கட்டப்படவிருந்த ஒரு திறந்த டிராமை வாங்கினார்கள். இன்று கென்னபங்க்போர்ட்டில் இருக்கிற சீஷோர் டிராலி அருங்காட்சியகம் அப்படித்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் 1948-ல் ஒரு ரசிகர் குழு சவுத்தாம்ப்டனின் 45-ஆம் எண் டிராமைப் பத்து பவுண்டுக்கு வாங்கியது. வாங்கிவிட்டார்கள், நிரந்தரமாக வைக்க இடமில்லை! கிரிச் என்ற ஊரில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரி அவர்களுக்குக் கிடைத்தது 1959-ல். அங்கே தண்டவாளம் போட்டு, முதலில் குதிரை டிராமும், 1964-ல் மின்சார டிராமும் ஓட்டினார்கள். கையில் சுத்தியலை வைத்துக்கொண்டே கற்றுக்கொண்டவர்கள் கட்டிய உலகம் இது. அங்கே வந்து ‘உனக்கு எதற்கு’ என்று கேட்க ஒருவருக்கும் உரிமை கிடையாது.

இனி, கேட்கும் விதம். அலுவலகத்தில் கேட்காதீர்கள், அங்கே உங்களை இழக்க மனம் வராது. பட்டறைக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், அவரிடம் நேரே போங்கள். ‘ஏதாவது உதவட்டுமா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்குப் பதிலாகத் தேநீர்க் கோப்பையைத்தான் நீட்டுவார்கள். ஒரு வண்டியைக் காட்டி, ஒரு வேலையைக் காட்டிக் கேளுங்கள். என்னைக் கேட்டால் ஜன்னல் சட்டங்கள். எந்த டிராமை எடுத்தாலும் அவை டஜன் கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றி, பெயின்ட் உரித்து, உளுத்த மூலையில் புது மரம் ஒட்டி, உப்புத்தாள் தேய்த்து, வார்னிஷ் மேல் வார்னிஷாக அடிக்க வேண்டும். மோட்டாரைப் பிரிக்க ஆள் வரிசையில் நிற்கும், ஜன்னலுக்கு நிற்காது. “ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறேன், இந்த வண்டியின் ஜன்னல்களை நான் முடித்துத் தருகிறேன்” என்று நீங்கள் சொன்னால் அந்த மனிதர் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். சொன்ன சனிக்கிழமைகளில் மட்டும் தவறாதீர்கள். பட்டறையில் திறமைசாலியைவிட, சொன்ன நாளில் வந்து நிற்பவருக்குத்தான் மதிப்பு.

கணக்கு? மாதத்தில் ஒருநாள் பார்த்துத் தருகிறேன், அதற்குள் இன்னொருவரைப் பழக்கிவிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். தேதியையும் சொல்லுங்கள்.

பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கவும் வேண்டும், நீங்கள் கனவோடு போகிறீர்கள். மீட்டெடுக்கப்படும் டிராம்களில் பல, கோழிக்கொட்டகையாகவும் தோட்டத்துச் சாமான் அறையாகவும் பல பத்தாண்டு கிடந்த வெற்று உடல்கள். ஒரு வண்டி முடிய பத்து வருடம் ஆனாலும் அங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்: உலர்வாகத் தேய்க்கக் கூடாது, நனைத்துத் தேய்க்க வேண்டும், சரியான முகக்கவசம் வேண்டும், கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய கண்ட்ரோலர் பெட்டிக்குள் தீப்பொறியைத் தடுக்கும் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பயிற்சி பெற்றவர் பார்த்துச் சொல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள். வண்டிக்கு அடியிலுள்ள குழியில் இறங்கி ஏற முழங்கால் ஒத்துழைக்குமா என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒத்துழைக்காவிட்டால் குழி வேண்டாம். மேலேயே வாழ்நாளுக்கு வேலை இருக்கிறது.

பெயின்டை உரிக்கும்போது ஒரு அடுக்குக்குக் கீழே இன்னொரு நிறம், அதற்கும் கீழே தங்க நிறத்தில் பாதி எண் ஒன்று தலைகாட்டும். அன்று மதியம் யாரும் உங்களோடு பேச வேண்டியதில்லை.

ஓட்டும் ஆசைக்கு வருகிறேன். 61 என்பதற்காகத் தயங்காதீர்கள். இப்படிப்பட்ட இடங்களில் ஓட்டுபவர்களில் ஓய்வுபெற்றவர்கள் ஏராளம். வயதைவிடப் பார்வை, நிறம் பிரித்தறிதல், காது இவற்றைத்தான் மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பார்கள். பல இடங்களில் முதலில் நடத்துநர் வேலை, பிறகுதான் ஓட்டுநர் பயிற்சி. நடத்துநர் வேலையை இளப்பமாக நினைக்காதீர்கள். மணியை ஒரு முறை அடித்தால் நிறுத்து, இரண்டு முறை அடித்தால் கிளம்பு. படிக்கட்டில் யார் கால் வைத்திருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் அந்த இரண்டு மணி. கடைசி நிறுத்தத்தில், கூரை மேலிருந்து மின்சாரம் எடுக்கும் டிராலிக் கம்பைக் கயிற்றைப் பிடித்துச் சுற்றிக் கொண்டுபோய், தலைக்கு மேலே 600 வோல்ட் ஓடும் கம்பியில் அதன் நுனியைப் பொருத்த வேண்டும். முதல் பத்து முறை பொருந்தாது, பயணிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சில வருடம் தன்னார்வலராக இருந்தபோது முதன்முதலாகக் கண்ட்ரோலர் கைப்பிடியைப் பிடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கைப்பிடி நாட்ச் நாட்ச்சாக, அதாவது படிப்படியாக, நகரும். தொடக்கத்தில் இரண்டு மோட்டார்களும் தொடர் இணைப்பில் இருக்கும், மின்னழுத்தத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். வேகம் கூடிய பிறகு பக்க இணைப்புக்கு மாறி இரண்டும் முழு அழுத்தத்தையும் வாங்கும். இடையிலுள்ள நாட்ச்களில் மின்சாரம் இரும்புத் தடைச்சட்டங்கள் வழியாக வருவதால் அவை சூடேறும், அங்கே தங்கக் கூடாது. நான் பயத்தில் மூன்றாவது நாட்ச்சிலேயே தங்கிவிட்டேன். தூசி கருகும் வாசனை வந்தது. பயிற்றுநர், “அங்கேயே குடியிருக்கப் போறீங்களா?” என்றார். பதறிப்போய் ஒவ்வொரு நாட்ச்சாகத் திரும்பி வந்தேன், அதுவும் தப்பு. நிறுத்தும்போது கைப்பிடியை ஒரே வீச்சில் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் உள்ளே செம்புத் தொடுமுனைகள் தீப்பொறியில் அரித்துப்போகும். அந்த வாரம் அந்தத் தொடுமுனைகளை அரம் வைத்துத் தேய்த்துச் சீர்செய்யும் வேலையையும் எனக்கே கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தத் தப்பைச் செய்யவில்லை. நீங்களும் விதிப் புத்தகத்தை இப்போதே கேட்டு வாங்கிப் படிக்கத் தொடங்குங்கள், பயிற்சிப் பட்டியலில் பெயரைக் கொடுங்கள். பட்டியல் நீளமாக இருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை அங்கே யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். பழைய டிராம் கம்பெனிகளின் பராமரிப்பு அட்டைகளும் கொள்முதல் பதிவேடுகளும் பல அருங்காட்சியகங்களில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. எந்த வண்டிக்கு எந்த வருடம் மோட்டார் மாறியது, எந்த நிறப் பெயின்ட் வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். உங்கள் ஜன்னல் சட்டத்துக்கு எந்த வார்னிஷ் என்று தெரிய வேண்டிய நாளில் அந்தப் பதிவேட்டை உங்களைப்போல் படிக்க அங்கே இன்னொருவர் இருக்க மாட்டார். ஆனால் உங்களுக்குத் தேவைப்படும்போது நீங்களாகப் போய்ப் படியுங்கள். அவர்கள் கேட்டு உட்கார்ந்தீர்களானால் பழையபடி அந்த அறைதான்.

தெளிவாகக் கேட்டும் இரண்டு மாதத்தில் ஒன்றும் மாறவில்லையென்றால் கணக்கை நேர் செய்து, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. பழைய ரயில், பேருந்து, நீராவி எந்திரம் என்று ஆள் தேடுகிற பட்டறைகள் வேறு இருக்கின்றன. அங்கே விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தில் ‘ஓய்வு’ என்று மட்டும் எழுதுங்கள்.

முதல் சனிக்கிழமை போகும்போது தொங்கும் உடை வேண்டாம், கெட்டியான மூடிய காலணி போடுங்கள். மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அங்கே போய்க் கழற்றினால் மாலையில் கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும்.