நிரல் எழுதுவது ஆராய்ச்சி ஆகுமா?

கேள்வி: கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து எடுத்த மின்பிரதிகளில், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு சொற்களைத் தேடுவது என் தலைப்பு. இதுவரை பெரும்பாலான நாட்கள் உரையைச் சுத்தம் செய்யும் நிரல்களை எழுதுவதிலேயே போய்விட்டன. ‘இது புரோகிராமர் வேலை, ஐடியா எங்கே?’ என்று கைடு கேட்கிறார். ஒருவழியாக ஒரு யோசனை பிடிபட்டபோது, ஏறக்குறைய அதே யோசனையோடு வெளிநாட்டிலிருந்து ஒரு கட்டுரை வந்துவிட்டது. நான் வாரக்கணக்கில் எழுதும் நிரலை நண்பர்கள் ஏஐயிடம் கேட்டு ஒரே மாலையில் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு ஆராய்ச்சி மூளை இல்லையோ? பேசாமல் வேலைக்குப் போய்விடலாமா? பைத்தானில் இருக்கும் நிரலை சி பிளஸ் பிளஸில் திருப்பி எழுதினால் கட்டுரைக்கு உதவுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: உங்கள் கைடு சொல்வது பாதி சரி. மீதிப் பாதி, அவருக்கும் முந்தைய ஒரு பழைய இளக்காரம். 1957-இல் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாமில் திருமணத்தைப் பதிவு செய்தபோது, தொழில் என்ற இடத்தில் ‘புரோகிராமர்’ என்று சொன்னார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகராட்சி மறுத்துவிட்டது. கடைசியில் ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்று பதிவாயிற்று. 1972-இல், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதின் ஏற்புரையில் அவரே இதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். அவர் கண்டுபிடித்த குறுந்தொலைவுப் பாதை வழிமுறையை உங்கள் கைடும் தேர்வில் எழுதித்தான் தேறியிருப்பார்.

அவர் சொல்வதில் சரியான பாதியையும் பார்த்துவிடுவோம். நிரல் ஓடியது, உரை சுத்தமாயிற்று, அடுத்த கோப்பைத் திறந்தேன் என்று போனால் இரண்டு ஆண்டுகள் கழித்துக் கையில் சுத்தமான உரை மட்டுமே இருக்கும். எந்த இடத்தில் நிரல் இடறியது, ஏன் இடறியது, அதற்கு நீங்கள் என்ன ஒட்டுப் போட்டீர்கள் என்பதெல்லாம் எங்கும் எழுதப்படாமல் போயிருந்தால், கைடின் கேள்விக்குப் பதில் இல்லை. எழுதியிருந்தால் உண்டு. யோசனைகள் பெரும்பாலும் அந்த எரிச்சல்களிலிருந்துதான் வருகின்றன.

பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங்குக்கு ரிலே கணினி வார இறுதியில்தான் கிடைக்கும். ஆளில்லாமல் ஓடும் இயந்திரம். பிழை கண்டால் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் என்று கண்டு திருத்தத் தெரியக்கூடாதா என்று கோபப்பட்டார். அந்தக் கோபத்தின் விளைவுதான் 1950-இல் வெளியான, அவர் பெயரைத் தாங்கிய பிழைதிருத்தக் குறியீடு.

இன்னொரு கதை உங்கள் துறையிலேயே இருக்கிறது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டு துயரங்களுக்கும் அதில் இடமிருக்கிறது. ‘கடகடகடவென’ என்ற உரையில் ‘கடகடவென’ என்பதைத் தேடுகிறோம் என்று வையுங்கள். ‘கடகட’ வரை பொருந்துகிறது. அடுத்து ‘வெ’ வர வேண்டிய இடத்தில் ‘க’ நிற்கிறது. எளிய நிரல் உரையில் பின்னால் போய் இரண்டாம் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஆனால், இதுவரை பார்த்த ‘கடகட’வின் கடைசி ‘கட’வே தேடும் சொல்லின் தொடக்கமாகவும் இருக்கிறது. அதை நினைவில் வைத்திருந்தால் உரையில் ஓர் அடிகூடப் பின்னால் போக வேண்டாம். நத்–மோரிஸ்–பிராட் வழிமுறையின் சாரம் இதுதான்.

இதை ஜேம்ஸ் மோரிஸ் கண்டுபிடித்தது எப்படி? 1969 கோடையில் சிடிசி 6400 கணினிக்கு ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதிக்கொண்டிருந்தார். கோப்பைத் துண்டு துண்டாக நினைவகத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு சிக்கலாக இருந்ததால், உரையில் பின்னால் போகாமல் தேட ஒரு வழி வேண்டியிருந்தது. அவ்வளவுதான். சுத்தமான ‘புரோகிராமர் வேலை’. அதே காலத்தில், கணினி அறிவியலின் பெரும் ஆசான்களில் ஒருவரான டொனால்ட் நத் முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்தார். ஸ்டீபன் குக் நிறுவிய ஒரு தானியங்கிக் கோட்பாட்டுத் தேற்றத்தை (காகிதத்தில் மட்டும் இருக்கும் கற்பனைக் கணினிகளைப் பற்றியது) கையிலெடுத்து, அதன் நிறுவலை அடியடியாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது இதே வழிமுறை வெளிப்பட்டது. அவர் அதை வான் பிராட்டிடம் காட்ட, பிராட் அதைச் செம்மைப்படுத்தி மோரிஸிடம் விவரிக்க, ‘இது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே’ என்ற கதையாயிற்று. லெனின்கிராட்டில் யூரி மதியாசெவிச்சும் தனியாக இதை ஒட்டிய ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தன்னை ஒருவர் முந்திவிட்டார் என்று அறிந்தபோது நத்துக்கு மனம் சுருங்கியதை, நத், மோரிஸ், பிராட் மூவரும் சேர்ந்து 1977-இல் வெளியிட்ட கட்டுரையின் வரலாற்றுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். நத்துக்கே அப்படி என்றால் கோவையில் இருக்கும் ஆய்வு மாணவி ஓரிரு நாள் சோர்ந்து படுத்ததில் வியப்பில்லை.

அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. மோரிஸின் நிரல் மற்ற நிரலாளர்களுக்குப் புரியவில்லை. சில மாதங்கள் கழித்து அவர் போய்ப் பார்த்தால், யாரோ ‘சரிசெய்கிறேன்’ என்று கைவைத்து அதைக் குட்டிச்சுவராக்கியிருந்தார்கள். எடிட்டருக்குள் மட்டும் இருந்த யோசனை அப்படித்தான் அழிந்தது. எழுதி வெளியிட்ட யோசனைதான் இன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. கைடு உங்களிடம் கேட்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். பழைய தமிழ் நூல்களைச் சுத்தம் செய்தவர் என்றால் இவற்றையெல்லாம் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் ககரமும் ஒரே ஒகரக் குறியுமாக எழுதலாம். ககரம், எகரக் குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால், குறியீடுகளை எண்ணி லெவன்ஸ்டைன் தூரம் (ஒன்றை இன்னொன்றாக்கக் குறைந்தது எத்தனை மாற்றம், சேர்ப்பு, நீக்கம் வேண்டும் என்ற எண்ணிக்கை) கணக்கிட்டால் இரண்டுக்கும் இடையே தூரம் 2. இது இயல்பாக்கத்தில், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவதில், சரியாகிவிடும் வகை. ‘ஔ’ என்பதற்கு ஒகரமும் ளகரமும் தட்டப்பட்டிருப்பது, ‘ர்’ வர வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் சேர்ந்து நிற்பது போன்றவற்றை யூனிகோடு இயல்பாக்கம் தொடாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் வரும் துதிக்கை போட்ட ணை, லை, ளை, னை வடிவங்களிலும், சேர்த்தெழுதிய ணா, றா, னாவிலும் எழுத்துணரி (ஓசிஆர்) நிரல்கள் தடுமாறுவது மூன்றாவது வகை. எகர ஏகாரக் குழப்பம் இன்னும் பழையது. ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது, நெடில் குறில் பிரிவு இருக்காது, காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. சுவடியைப் பதிப்பித்த நம் அறிஞர்கள் தலைக்குள் ஓட்டிய பிழைபொறுத்த தேடலைத்தான் நீங்கள் இப்போது இயந்திரத்துக்குச் சொல்லித்தரப் பார்க்கிறீர்கள்.

உங்களை முந்திய கட்டுரையை இந்தக் கண்ணோடு மறுபடி படியுங்கள். அது பெரும்பாலும் லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கும். ஓர் எழுத்து என்றால் ஒரு குறியீடு என்ற அனுமானம் எங்கோ சொல்லாமலே உட்கார்ந்திருக்கும். தமிழில் அந்த அனுமானம் உடைகிறது. உடைவதால் தேடலில் எவ்வளவு இழப்பு, மேலே சொன்ன பிழை வகைகளில் எது எவ்வளவு இழப்புக்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் தனி எடை கொடுத்தால் எவ்வளவு மீட்கலாம்? இவை அளந்து விடை சொல்லக்கூடிய கேள்விகள். விடைக்கான மூலப்பொருள் உங்கள் சுத்திகரிப்பு நிரல்களில், ‘இதை அதுவாக மாற்று’ என்ற ஒவ்வொரு வரியிலும், ஏற்கெனவே இருக்கிறது. அந்த வரிகளை வகைப்படுத்தி ஒரு பட்டியல் போடுங்கள். அந்தக் கட்டுரையை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவர்கள் முறையை உங்கள் தரவில் ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கு ஒப்பீடு கிடைத்துவிடும்.

ஒப்பிடும்போது ஒரு நேர்மை தேவை. தன் முறையை மாதக்கணக்கில் செதுக்கிவிட்டு, பிறர் முறையை அதன் இயல்பு அமைப்புகளோடு ஒருமுறை ஓட்டி ‘நாங்கள் வென்றோம்’ என்று எழுதுவது நம் துறையில் மலிந்த பழக்கம். அவர்கள் முறைக்கும் அதே உழைப்பைக் கொடுங்கள். ஒரே நூலின் பக்கங்கள் பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் கலந்துவிடாமல் நூல் நூலாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் ஓர் அச்சகத்தின் எழுத்துருவை மனப்பாடம் செய்ததற்கு மதிப்பெண் வாங்குவீர்கள்.

ஏஐ விஷயத்தில் எனக்கு விரதம் எதுவும் கிடையாது. கோப்புகளைப் படிக்கவும், வரைபடம் போடவும், சலிப்பூட்டும் இணைப்பு வேலைகளுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நண்பர்கள் ஒரு மாலையில் வாங்கும் நிரல் சரியானதா என்பதைத்தான் கேட்க வேண்டும். வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடலைவிட எளிய நிரல் எது? ஜாவாவின் நூலகத்தில் அது சுமார் 9 ஆண்டுகள் ஒரு பிழையோடு இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் வெளிப்படுத்தினார். நடு இடத்தைக் காண இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கும் அப்பாவி வரிதான் குற்றவாளி. பட்டியலில் உறுப்புகள் சுமார் 107 கோடியைத் தாண்டினால் கூட்டுத்தொகை 32 பிட்டுக்குள் அடங்காமல் எதிர்மறை எண்ணாகிவிடும். அத்தனை பேர் பார்த்தும் தப்பிய பிழை அது. அதுவாவது நிரலை நிறுத்திக் காட்டிக்கொடுக்கும். ஆய்வில் தவறான நிரல் பெரும்பாலும் நிற்பதே இல்லை. அழகான வரைபடம் ஒன்றை வரைந்து தந்துவிடும். ஆகவே, உங்கள் முடிவு எந்தப் பகுதியைச் சார்ந்திருக்கிறதோ, அதாவது தூரத்தைக் கணக்கிடுவதும் மதிப்பிடுவதும், அதை நீங்களே எழுதுங்கள். கையால் விடை காணக்கூடிய சிறு சொற்களில் சரிபாருங்கள். நீங்கள் வாரக்கணக்கில் எழுதியதால்தான் காலும் புள்ளியும் சேர்ந்த அந்தப் போலி ‘ர்’ உங்கள் கண்ணில் பட்டது.

கைடிடம் அடுத்த முறை நிரலைக் காட்டாதீர்கள். ஒரே பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: கேள்வி என்ன, இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள், எது உடைகிறது, இரண்டு வாரத்தில் செய்யக்கூடிய மிகச் சிறிய சோதனை எது, எந்த விடை வந்தால் இந்தப் பாதையைக் கைவிடுவீர்கள். கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்காருவார் என்று நினைக்கிறேன். உட்காராவிட்டால் டாக்டோரல் கமிட்டியின் மற்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டலாம், அதில் தவறு ஒன்றுமில்லை. கட்டுரை வெளியாகவில்லையே என்ற பதற்றம் இருந்தால் ஒரு தகவல்: 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறைகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை நீக்கிவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென்று வைத்திருக்கும் விதியை மட்டும் எடுத்துப் படித்துவிடுங்கள்.

வேலைக்குப் போவதா? வீட்டில் பணம் தேவைப்படுகிறது, அல்லது இந்தத் தலைப்பின் மேலிருந்த ஆசையே போய்விட்டது என்றால் தாராளமாகப் போங்கள்; அதில் தோல்வி ஒன்றும் கிடையாது. ஆராய்ச்சி மூளை இல்லை என்ற காரணத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். உலகின் வேறொரு மூலையில் தேர்ந்த ஆய்வாளர்கள் கட்டுரையாக்கிய ஒரு யோசனையை நீங்கள் தனியாக அடைந்திருக்கிறீர்கள்.

சி பிளஸ் பிளஸ் மாற்றம் இப்போது வேண்டாம். உங்கள் கட்டுரை வேகத்தைப் பற்றியதல்ல. சோதனைகள் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால் முதலில் பைத்தானோடு வரும் புரொஃபைலரை ஓட்டி, நேரம் எங்கே கரைகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் முழு உரையையும் புதிதாக இயல்பாக்கிக்கொண்டிருந்தால், அதை ஒரு தடவை செய்து சேமித்து வைத்தாலே போதும். அதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால் தூரம் கணக்கிடும் உள்சுழற்சியை மட்டும் மாற்றி எழுதுங்கள். பைத்தான் பிரதியை அழித்துவிடாதீர்கள். புதியது தரும் விடை சரிதானா என்று ஒப்பிட அது வேண்டியிருக்கும்.