ஐந்து வருடம் நிறையும் முன் வேலையை விடவேண்டாம்

உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு 24 வயது, நிலாவெளியில் ஒரு பெரிய ஹோட்டலில் ஏசி, ஃபிரிட்ஜ் திருத்தும் வேலை. சேர்ந்து நாலரை வருடம். "ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வேலையை விட்டுவிட்டுக் கொழும்பில் மேனேஜ்மன்ட் டிகிரி படிக்கட்டும்" என்று மாமா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். நகையை அடைவு வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

வைக்கவேண்டாம் அம்மா. தனியார் டிகிரிக்குப் பல இலட்சம் போகும், சம்பளமும் நின்றுவிடும். பட்டம் முடித்துவிட்டு நியமனம் கேட்டு வீதியில் இருந்த பிள்ளைகளை நீங்கள் திருகோணமலையிலேயே பார்த்திருப்பீர்கள். வட்டி கட்டப்போவது மாமா இல்லை, நீங்கள்தான்.

மகனோடும் கதைத்தேன். டிகிரி பற்றிக் கேட்டால், "அம்மா சொன்னால் போறன்" என்பதோடு சரி. வேலையைப் பற்றிக் கேட்டதும் நிறுத்தாமல் சொன்னார்: கடற்கரை ஹோட்டலில் வெளியே இருக்கும் ஏசி பெட்டியின் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரித்துவிடும், நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் நிலைக்காது. இப்படிப் பேசும் பிள்ளையைக் கணக்கியல் வகுப்பில் இருத்துவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

அவரிடம் இல்லாதது சான்றிதழ் மட்டும்தான். அதற்கு வேலையை விடத் தேவையில்லை. ஆர்.பி.எல். என்று ஒரு வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் வேலையில் கற்ற திறமையைச் சோதித்து, என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருவார்கள். எங்கள் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்திலோ தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்திலோ விசாரியுங்கள். அந்தத் தொழிலுக்கென்று வகுத்த தரத்தில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன, இவருக்கு எவை வரும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சேவைக் கடிதம், செய்த வேலைகளின் படங்கள், திருத்தங்களை எழுதிவைத்த கொப்பி எல்லாம் ஆதாரம். பிறகு மதிப்பீட்டாளர்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டும். ஏதாவது ஒரு பகுதி வராவிட்டால் அதை மட்டும் பழகிக்கொண்டு திரும்பப் போகலாம். இந்தச் சான்றிதழில் மட்டங்கள் உண்டு. தனியாகப் பொறுப்பெடுத்து வேலை செய்யக்கூடியவருக்குரியது 4 ஆம் மட்டம். 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். இரத்மலானையில் உள்ள யுனிவோடெக் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முக்கியமாக இந்தப் பாதையில் வருபவர்களுக்காக உள்ளது. மாமாவுக்குப் பட்டம்தான் வேண்டுமென்றால் அதுவும் இந்த வழியில் இருக்கிறது, மகனுடைய தொழிலை ஒட்டியே. ஒக்டோபருக்குப் பிறகு மழையோடு நிலாவெளியில் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். லீவு எடுக்க அதுதான் நேரம்.

இன்னொரு காரணம், பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, தானாக விலகினாலும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் முதலாளி கொடுக்க வேண்டும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் இரண்டரை மாதச் சம்பளம். இப்போது விலகினால் அந்த உரிமை போய்விடும்.

அதற்காக எது நடந்தாலும் அங்கேயே கிடக்கச் சொல்லவில்லை. சம்பளத்தில் 8 வீதம் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுகிறார்கள் என்றால், முதலாளியின் 12 வீதத்தோடு சேர்ந்து அது கணக்கில் விழவேண்டும். விழுகிறதா என்று இந்த மாதமே பாருங்கள். விழாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு வேறு இடம் தேடலாம். சம்பளம் மாதக்கணக்கில் இழுபட்டாலும், மின்சாரத்தை நிறுத்தாமல் கை வைக்கச் சொன்னாலும் 5 வருடக் கணக்குப் பார்க்கவேண்டாம். உயிருக்குப் பிறகுதான் பணிக்கொடை. புதிதாக ஒன்றும் பழகக் கிடைக்காத இடத்தையும் ஒருநாள் விடத்தான் வேண்டும். ஆனால் அதை மறு இடத்து நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு செய்யட்டும்.

சேவைக் கடிதத்தை இப்போதே கேட்கச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும்போது கேட்டால் சுலபமாகக் கிடைக்கும். மாமா திரும்ப வந்தால், பதிலை மகனே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.